மழைக்கும் ஒரு பாஸ்புக்

“முன்ன மாதிரி மழை இல்லைங்க” என்று டீக்கடையில் எல்லோரும் சொல்கிறோம். எந்த மாதத்தில் எவ்வளவு குறைஞ்சதுன்னு கேட்டால் பதில் வராது. வங்கியில் வரவு செலவு எழுதியே காலம் கழித்தவன் நான். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் மானாவாரிக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. பருவம் தப்பிப் பெய்கிற இந்தக் காலத்தில், சின்ன விவசாயிக்குச் செலவில்லாமல் கிடைக்கிற முதல் கருவி ஒரு மழை நோட்டுதான்.

வாயும் அடியும் ஒரே அகலமாக, பக்கம் நேராக இருக்கிற ஒரு டப்பா போதும். ஊறுகாய் பாட்டில் மாதிரி கழுத்து குறுகினது வேண்டாம், கணக்கு தப்பும். மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் குச்சி நட்டுக் கட்டுங்கள். தினமும் காலை 8.30க்கு, வானிலைத் துறை அளக்கிற அதே நேரத்தில், ஸ்கேலை விட்டு எத்தனை மில்லி மீட்டர் என்று எழுதிவிட்டுத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

ஒரு ஏக்கரில் 1 மி.மீ. மழை என்றால் சுமார் 4,000 லிட்டர். 25 மி.மீ. பெய்தால் ஒரு லட்சம் லிட்டர் வரவு. அதில் எவ்வளவு மண்ணில் தங்குச்சு, எவ்வளவு ஓடையோட போச்சு? மறுநாள் மண்வெட்டியால் ஒரு கொத்து கொத்தி, ஈரம் எத்தனை விரல் இறங்கியிருக்கு என்று பார்த்து அதையும் எழுதுங்கள். அதுதான் உங்கள் கையிருப்பு. சரிவுக்குக் குறுக்கே உழுத நிலத்துக்கும் சரிவோடு உழுத நிலத்துக்கும் உள்ள வித்தியாசம் அப்போது தெரியும்.

மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. தமிழ்நாட்டின் ஒரு வருடச் சராசரியே ஏறக்குறைய அவ்வளவுதான். ஏட்டில் அமோக மழை, புஞ்சையில் பயிர் இல்லை. 2.5 மி.மீ.க்குக் குறையாமல் பெய்த நாளைத்தான் மழை நாள் என்று எண்ண வேண்டும். இரண்டு மழை நாளுக்கு நடுவே எத்தனை நாள் காய்ந்தது என்பதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். பயிரைக் கொல்வது அந்த இடைவெளி.

இது விதைப்பில்தான் கைகொடுக்கும். நம் பக்கம் புரட்டாசியில் புழுதி விதைப்பு போடுவோம். பத்து மி.மீ. தூறலில் முளைத்து, அடுத்த பதினைந்து நாள் வெயில் அடித்தால் எல்லாம் கருகும். எனக்குத் தெரிந்த ஒருவர் மூன்று ஏக்கருக்கு ஒரே பருவத்தில் இரண்டு தடவை விதைத்தார். இரண்டாவது விதை, வீட்டுக்காரம்மா கம்மலை அடகு வைத்து வந்தது. அதே நிலத்துக்கு அதே பருவத்தில் இன்னொரு பயிர்க்கடன் வாங்குவது லேசில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன்.

அதனால் புழுதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடாதீர்கள். சோளம், பருத்தி விதையை இரண்டு அங்குலம் ஆழத்தில் போட்டால் சின்னத் தூறலுக்கு ஏமாறாது. குதிரைவாலி அவ்வளவு ஆழத்தில் முளைக்காது. அது ஈரம் ஒரு சாண் இறங்கின பிறகு. நடுவே துவரை வரிசை இருக்கட்டும், அது வேரை ஆழமா விட்டுத் தாக்குப் பிடிக்கும். ஐப்பசி பாதி தாண்டியும் நோட்டில் வரவு இல்லையென்றால் நீண்டகாலப் பயிரை மறந்துவிட்டு, 65 முதல் 75 நாளில் வருகிற உளுந்து, பாசிக்கு மாறுங்கள். பின்மழை ஈரத்துக்குக் கொத்தமல்லி, கொண்டைக்கடலை இருக்கிறது.

“காப்பீடு இருக்கே சார்” என்பார்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டில் ராபி உணவுப் பயிருக்கு நம் பங்கு 1.5 சதவீதம்தான், கட்டுங்கள். ஆனால் வறட்சி இழப்பை உங்கள் புஞ்சையைப் பார்த்துக் கணக்கிடுவதில்லை. அறிவித்த பகுதி முழுவதற்குமான அறுவடைச் சோதனைச் சராசரியை வைத்துத்தான். உங்களுக்குக் காய்ந்து ஊருக்கு விளைந்தால் பணம் வராது. கரிசலில் வரப்புக்கு இந்தப் பக்கம் பெய்து அந்தப் பக்கம் பெய்யாமல் போவது நமக்குப் புதுசா என்ன?

எங்கள் ஊரில் இப்போது ஏழு பேர் டப்பா வைத்திருக்கிறோம். புரட்டாசிக்கு முன் ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, மி.மீ., ஈர ஆழம், அன்று செய்த வேலை: நாலு கட்டம் போட்டால் போதும்.