கடைசிக் கழுவுநீர்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. டிரிப்சின் ஒட்டிய காந்த மணிகள் வந்து சேர்ந்துவிட்டன, இனி சாயங்காலம் புரதத்தில் நொதியைச் சேர்த்து 37 டிகிரியில் வைத்துவிட்டு விடியும்வரை காத்திருக்க வேண்டாம் என்று குதூகலமாக எழுதியிருக்கிறாய். சந்தோஷம். ஆனால் பதினாறு மணி நேர வேலை பதினைந்து நிமிடமாகிவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரியாதே. டைதயோத்ரைட்டால் போட்டுச் சூட்டில் அரை மணி, அயோடோஅசிட்டமைடு போட்டு இருட்டில் அரை மணி, அப்புறம் உப்பு நீக்க வேண்டும். இவற்றில் ஒன்றையும் மணிகள் குறைக்கப்போவதில்லை. எல்லாம் முடிந்து மாஸ் ஸ்பெக் வாசலுக்குப் போனால் அங்கே வரிசை. மாதிரிக்கு ஒரு மணி நேரம் ஓடும் கருவிமுன் நாற்பது மாதிரிகளை நீ எவ்வளவு சீக்கிரம் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன?

வேகத்துக்காக இந்த மணிகளை வாங்கியவர்கள் பலர். நானும் அப்படித்தான் வாங்கினேன். பிறகுதான் தெரிந்தது, இவற்றைக் கொண்டு செரிமானத்தை நினைத்த நொடியில் நிறுத்த முடியும் என்பது அதைவிடப் பெரிய லாபம் என்று.

கரைசலில் டிரிப்சினை ஏன் இத்தனை சிக்கனமாகப் போடுகிறோம்? விலையும் ஒரு காரணம்தான். ஆனால் டிரிப்சினும் ஒரு புரதம். லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் அடுத்து வெட்டுவது அதன் தொழில். பக்கத்தில் நிற்கும் இன்னொரு டிரிப்சினிலும் அவை இருக்கின்றன. கூடுதலாகப் போட்டால் ஒன்றையொன்று தின்று, தன் துண்டுகளையே உன் நிறமாலை முழுக்க இறைத்துவிடும். பன்றி டிரிப்சினின் 842.5, 2211.1 ஆகிய இரு முகடுகளும் எங்கள் தலைமுறைக்கு வீட்டு எண் மாதிரி மனப்பாடம். தொல்லை என்று திட்டிக்கொண்டே கருவியைச் சரிபார்க்க அவற்றையே பயன்படுத்துவோம். அதனால்தான் ஐம்பது பங்கு புரதத்துக்கு ஒரு பங்கு நொதி என்று அளந்து போட்டு, ராத்திரி முழுக்க விட்டுவைப்பது. மணியில் கட்டிப்போட்ட டிரிப்சின் பக்கத்து டிரிப்சினை எட்டிப் பிடிக்க முடியாது. ஆகவே தாராளமாகப் போடலாம். வேகம் அந்தத் தாராளத்திலிருந்து வருகிறது. கட்டிப்போட்டதால் நொதி சுறுசுறுப்பாகிவிடவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் பெரும்பாலும் கொஞ்சம் மந்தமாகத்தான் ஆகிறது.

இது புதுச் சரக்கும் இல்லை. கரியில் ஒட்டிக்கொண்ட இன்வர்டேஸ் அங்கிருந்தபடியே வேலை செய்கிறது என்று நெல்சனும் கிரிஃபினும் 1916-லேயே பார்த்துவிட்டார்கள். கரையாத டிரிப்சினைக் குழலில் அடைத்து அதன் வழியே புரதத்தை ஓடவிட்டது 1960-ல், இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில். செய்த இருவரில் ஒருவரான எஃப்ராயிம் கட்சால்ஸ்கி பின்னாளில் அந்த நாட்டின் ஜனாதிபதியே ஆனார். நொதி ஆராய்ச்சியிலிருந்து அங்கே போனவர் வேறு யாரும் என் நினைவில் இல்லை.

நொதி மணியோடு கிடப்பதால் புரதம்தான் அதைத் தேடி வர வேண்டும். இறுக்கமாக மடிந்த பெரிய புரதம் மணியின் நுண்துளைக்குள் நுழையாது, நுழைந்தாலும் வெட்டுமிடத்தைக் காட்டாது. முதலில் அதை விரித்துவிடு. யூரியாவில் விரித்தால் மணிகளைச் சேர்க்கும் முன் ஒரு மோலாருக்குக் கீழே நீர்த்துவிடு. யூரியாவைச் சூடாக்கவே கூடாது. அதிலிருந்து பிறக்கும் சயனேட் லைசினில் போய் உட்கார்ந்துகொண்டால் டிரிப்சின் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும். பத்து சதவீதம் அசிட்டோநைட்ரைல் சேர்ப்பது என் வழக்கம். புரதமும் தளரும், பெப்டைடுகள் மணியில் ஒட்டிக்கொள்வதும் குறையும். குழாயை ஆட்டிக்கொண்டே இரு. ஆட்டாமல் ஐந்து நிமிடம் விட்டால் மணிகள் அடியில் கோலமாவு மாதிரி படிந்துவிடும். அப்புறம் மேலே இருக்கும் புரதம் பாட்டுக்கு மேலேயே இருக்கும். மணிகளை எடுக்கும்போது பிப்பெட் முனையைக் கத்தரியால் சற்று வெட்டிவிட்டு, ஒவ்வொரு முறையும் கலக்கிவிட்டு எடு. இல்லாவிட்டால் முதல் குழாய்க்குக் குழம்பு, கடைசிக் குழாய்க்கு ரசம்.

என் கதை ஒன்று. மணிகளை வாங்கக் காசில்லாத காலத்தில், அமீனைப் பிடிக்கும் வெறும் மணிகளில் நானே டிரிப்சினைக் கட்டினேன். எந்நேரமும் கையில் இருக்கும் பஃபரான டிரிஸ்ஸையே ஊற்றினேன். ராத்திரி முழுக்கச் சுழலவிட்டு, காலையில் கழுவி, பாப்னாவைச் சேர்த்தேன். டிரிப்சின் இருந்தால் அதை வெட்டும், கரைசல் எலுமிச்சை மஞ்சளாகும். கால் மணி நேரம் கண் கொட்டாமல் பார்த்தேன். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. கொட்ட எடுத்த முதல் கழுவுநீரில் ஏதோ சந்தேகத்தில் ஒரு சொட்டு பாப்னா விட்டேன். பளீரென்று மஞ்சள்! டிரிஸ்ஸிலேயே அமீன் இருக்கிறது. லட்சக்கணக்கான டிரிஸ் மூலக்கூறுகள் முந்திக்கொண்டு எல்லா இருக்கைகளையும் பிடித்துவிட, என் டிரிப்சின் நின்றுகொண்டே வந்து கழுவுநீரோடு இறங்கிப் போயிருக்கிறது. கட்டும்போது அமீன் இல்லாத பஃபர். மிச்சமிருக்கும் இடங்களை அடைக்க வேண்டிய கடைசிக் கட்டத்தில்தான் டிரிஸ்.

அன்றிலிருந்து கழுவுநீரை நான் கொட்டுவதில்லை. நிறுத்துவது என்று சொன்னேனே, அது இங்கேதான் வருகிறது. காந்தத்தைக் குழாய்ச் சுவரில் வைத்தால் மணிகள் ஒதுங்கும், மேல்நீரை எடுத்துவிடலாம், வெட்டு அத்தோடு நிற்கும். ஆனால் மணியை விட்டுக் கழன்ற டிரிப்சின் கொஞ்சம் மேல்நீரில் இருந்தால் வேலை உனக்குத் தெரியாமல் தொடரும். ஆக்சிஜன்-18 குறியிடும்போது இது நன்றாகத் தெரியும். ஆக்சிஜன்-18 கொண்ட நீரில் டிரிப்சின் பெப்டைடின் வால்முனையிலுள்ள இரண்டு ஆக்சிஜனையும் மாற்றி, நிறையை நான்கு கூட்டிக் கொடுக்கும். சாதாரண நீருக்கு வந்த பிறகும் அது அங்கே இருந்தால், கொடுத்ததை ஒவ்வொன்றாகத் திருப்பி எடுத்துக்கொள்ளும். நான்கு இரண்டாகத் தேய்ந்து பூஜ்யமாகும். நீ புரதத்தின் அளவு மாறிவிட்டதாக எழுதுவாய்.

டியூட்டீரியம் பரிமாற்றம் செய்கிறவர்களைப் பார். அவர்களுக்கு pH 2.5, பனிக்கட்டிக் குளிர், கையில் சில நிமிடங்கள். தாமதித்தால் டியூட்டீரியம் கழன்றுவிடும். அந்தப் புளிப்பில் டிரிப்சின் அசையாது. பெப்சினைக் குழலில் கட்டி வைத்து, புரதத்தை அதன் வழியே ஒரே ஓட்டமாக விட்டுவிடுகிறார்கள். குழலைத் தாண்டியதும் வெட்டு முடிந்தது. கட்டிப்போட்ட நொதி அவர்களுக்கு வசதி இல்லை, பிழைப்பு. ஒன்று மட்டும்: முந்தைய மாதிரியின் பெப்டைடுகள் குழலில் தங்கி அடுத்ததில் தலைகாட்டும். இரண்டுக்கும் நடுவே வெற்று ஓட்டம் ஒன்று ஓட்டாமல் எதையும் நம்பாதே.

சரி, உன் புது மணிகளுக்கு வருவோம். மாட்டு ஆல்புமினைப் பழைய முறையில் ஒரு ராத்திரியும் மணிகளில் கால் மணியும் செரித்து, வெட்டாமல் விட்ட இடங்களை இரண்டிலும் எண்ணிப் பார். அதற்கு முன்னால் மணிகளை மூன்று முறை கழுவி, மூன்று நீரையும் தனித்தனிக் குழாயில் வைத்து, பாப்னா விட்டு அரை மணி பொறு. வெள்ளைத்தாளை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு மூன்றையும் அதன்முன் வரிசையாக நிறுத்து. மூன்றாவதில் லேசாக மஞ்சள் தட்டினாலும் நான்காவது முறை கழுவிவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா