ஸ்டார் போட்டா மட்டும் போதாது

மூன்றாம் ஆண்டில் ஒரு வியாழக்கிழமை. ஒரு இன்டர்ன்ஷிப்புக்கான பதிவுப் படிவம் காலையிலேயே கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. நான் லேபில் இருந்தேன். "மதியம் பார்த்துக்கலாம்"னு மெசேஜுக்கு ஸ்டார் போட்டு வச்சேன். கடைசி நேரம் மாலை 5 மணி. எனக்கு ஞாபகம் வந்தது 5.40-க்கு. லிங்க் மூடியாச்சு. பக்கத்து ரூம் நண்பன் அதில் செலக்ட் ஆனான். மார்க்கில் எங்களுக்குள்ள பெரிய வித்தியாசம் இல்லை. அவன் போனில் 3 மணிக்கு ஒரு அலாரம் அடிச்சது, அவ்வளவுதான்.

ஸ்டார் போட்ட மெசேஜ் நாமளா தேடிப் போனாத்தான் கிடைக்கும். நமக்குத் தேவை, சரியான நேரத்தில் நம்மைத் தேடி வர்ற ஒன்று.

அந்தக் கோபத்தில் நோஷன், ட்ரெல்லோ எல்லாம் இன்ஸ்டால் பண்ணி, கலர் கலரா டெம்ப்ளேட் செஞ்சேன். இரண்டே வாரத்தில் திறக்கிறதையே விட்டுட்டேன். கடைசியில் நிலைச்சது மூணுதான். ஜிமெயில் கணக்கு இருந்தா மூணும் இலவசம்.

1. கூகுள் காலண்டர்

தேதி உள்ள எதுவும் இங்கேதான். டைம்டேபிளை ஒரு தடவை போட்டு, வாரா வாரம் திரும்ப வர்ற மாதிரி செட் பண்ணி, செமஸ்டர் முடியற தேதியை முடிவா குடுங்க. அசைன்மென்ட், ஃபீஸ், படிவம் எல்லாத்துக்கும் இரண்டு நினைவூட்டல் வைங்க: 2 நாள் முன்னாடி ஒன்று, 2 மணி நேரம் முன்னாடி ஒன்று. முதலாவது வேலையை ஆரம்பிக்க, இரண்டாவது அனுப்ப. கிளாஸ் ரெப் ஒரு பொதுக் காலண்டர் ஆரம்பித்து ஷேர் பண்ணினா இன்னும் நல்லது. டெஸ்ட் தேதி மாறினா அவர் ஒரு இடத்தில் மாத்தினா போதும், எல்லாருக்கும் மாறிடும்.

2. கூகுள் ஷீட்ஸ்

இது அட்டெண்டன்ஸுக்கு. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீதம் வேணும். 45 பீரியட் உள்ள பாடத்தில் 34-க்குப் போகணும், 11-தான் விட முடியும். 75-க்குக் கீழே போயிட்டா ஒரு சின்னக் கணக்கு: நடந்த பீரியடை 3-ஆல் பெருக்குங்க, நீங்க போனதை 4-ஆல் பெருக்கி அதிலிருந்து கழிங்க. தொடர்ந்து எத்தனை பீரியட் போகணும்னு வரும்.

20-இல் 14 போயிருந்தா 70 சதவீதம். 60-இல் 56 போனா 4. இன்னும் 25 பீரியட் இருக்கு, சமாளிக்கலாம். 40-இல் 28 போயிருந்தாலும் அதே 70 சதவீதம்தான். ஆனா 120-இல் 112 போனா 8. மிச்சம் இருக்கிறதோ 5 பீரியட்தான்! அதனால வாரம் ஒரு முறை ஷீட்டை நிரப்புங்க. செமஸ்டர் கடைசியில் பார்த்தா கணக்கு சரியா வரும், ஆனா கைகொடுக்காது.

3. கூகுள் டிரைவ்

செமஸ்டருக்கு ஒரு ஃபோல்டர், உள்ளே பாடத்துக்கு ஒன்று. மார்க்ஷீட், ரெஸ்யூம், சான்றிதழுக்குத் தனியா ஒன்று. ஒரு விஷயம் கவனிங்க: இலவசமா கிடைக்கிற 15 ஜிபி டிரைவுக்கு மட்டும் இல்லை, ஜிமெயிலுக்கும் கூகுள் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான். டூர் வீடியோவால் அது நிரம்பிட்டா புது மெயில் வர்றது நின்னு போகலாம். பிளேஸ்மென்ட் சீசனில் இதைவிட ஆபத்து வேறென்ன?

இந்த மூணும் வேலை செய்ய ஒரே பழக்கம் போதும். எந்தத் தேதி காதில் விழுந்தாலும் அந்த இடத்திலேயே போனை எடுத்துக் காலண்டரில் போடுங்க, அரை நிமிஷம்தான். ஞாயிறு ராத்திரி 15 நிமிஷம் உட்கார்ந்து வரப்போற வாரத்தை ஒரு தடவை பாருங்க.

இப்போ உங்க வாட்ஸ்அப்பைத் திறங்க. ஸ்டார் போட்ட மெசேஜ்ல தேதி உள்ளது எத்தனை? இன்னும் முடியாத தேதி ஒன்றாவது இருக்கும். முதல்ல அதைக் காலண்டருக்கு மாத்துங்க.