தோட்ட முதலாளி, தொழிலாளர் தலைவர்: தொண்டமான் வாழ்வில் வணிகருக்கு உள்ள பாடம்



நம் கடைகளில் அரிசி, பருப்பு, எண்ணெய்க்கு அடுத்தபடியாக நாள் தவறாமல் கைமாறும் சரக்கு தேயிலைத் தூள். அந்தத் தேயிலைத் தோட்டத்தை வைத்துப் பிழைத்த முதலாளி வீட்டில் பிறந்து, தொழிலாளர்களின் தலைவராகி, இலங்கையில் நான்கு ஜனாதிபதிகளின் கீழ் அமைச்சராக இருந்த ஒரு தமிழரின் வாழ்க்கையை இங்கே பார்ப்போம். அவர் சௌமியமூர்த்தி தொண்டமான். அவருடைய அரசியல் சரியா, தவறா என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை அல்ல. தொழில் நடத்தியவர் பொது வாழ்க்கைக்குப் போனால் எதைக் கொண்டு போக வேண்டும், எதைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பதே நாம் படிக்க வேண்டிய பாடம்.

கடனில் தொடங்கிய பயணம்

வெள்ளைக்காரர் காலத்தில் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் பகுதிகளிலிருந்து ஏழை மக்கள் இலங்கை மலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனார்கள். அன்றைய சேலம் மாவட்டம் என்றால் நம் திருச்செங்கோடு தாலுகாவும் அதில் அடக்கம். ஆள் சேர்த்துக் கொண்டுபோனவர் கங்காணி. வழிச் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் அவர் கொடுத்த முன்பணம், தொழிலாளி பெயரில் கடனாக ஏறும். ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அந்தக் கடன் பாக்கியை எழுதிய 'துண்டு' என்ற சீட்டும் கூடவே போகும். புதிய தோட்டக்காரர் பாக்கியைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார். நாம் பேரேட்டில் சரக்கின் பாக்கியை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குக் கொண்டு போகிறோம். அங்கே மனிதனையே அப்படிக் கொண்டு போனார்கள். 1921-ல்தான் இந்தத் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது.

அப்படிக் கூலியாகப் போனவர்தான் தொண்டமானின் தந்தை கருப்பையா. உழைப்பாலும் சிக்கனத்தாலும் கங்காணியாக உயர்ந்து, இறம்பொடையில் வேவண்டன் என்ற தேயிலைத் தோட்டத்தையே விலைக்கு வாங்கினார். மகன் 1913 ஆகஸ்ட் 30-ல் இன்றைய சிவகங்கை மாவட்டத்து முனைப்புதூரில் பிறந்தார். சிறு வயதில் இலங்கை சென்று, கம்பளையில் படித்து, தோட்ட நிர்வாகத்தைப் பழகினார். சுகமாக இருந்திருக்கலாம். ஆனால் 1939-ல் நேரு இலங்கை வந்தபோது உருவான இலங்கை இந்தியக் காங்கிரசில் சேர்ந்து, கம்பளைக் கிளையின் தலைவரானார். 1945-ல் காங்கிரசுக்கே தலைவரானார். முதலாளியே தொழிற்சங்கம் நடத்துவதா என்று இரு பக்கத்தாரும் சந்தேகப்பட்டிருப்பார்கள். ஆனால் தோட்டத்தின் வரவு செலவு தெரிந்த தலைவரிடம் துரைமார் பொய்க் கணக்குக் காட்ட முடியுமா?

ரசீது இல்லாத பாக்கி

1947 தேர்தலில் நுவரெலியாவிலிருந்து அவர் நாடாளுமன்றம் சென்றார். மறு ஆண்டே இடி விழுந்தது. 1948-ன் குடியுரிமைச் சட்டம், தந்தையோ, இல்லையேல் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததை நிரூபிக்கச் சொன்னது. லயத்தில் பிறந்தவனுக்குப் பிறப்புப் பதிவு எங்கே இருக்கும்? தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று. 1952 தேர்தலில் மலைநாட்டுக் காங்கிரசுக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லை.

இடையில் 1949-ல் இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற ஒரு சட்டம் வந்தது. காங்கிரஸ் முதலில் விண்ணப்பிக்க வேண்டாம் என்று புறக்கணித்தது. பிறகு மனம் மாறி, 1951 ஆகஸ்ட் கெடு நெருங்கிய வேளையில் அவசரமாக மனுக்களைக் குவித்தது. சுமார் 8 லட்சம் பேருக்காக மனுக்கள் போயின. பெரும்பாலானவை தள்ளப்பட்டன. ரசீது இல்லாத பாக்கியை எந்த நீதிமன்றத்தில் வசூலிப்பது? கோபம் நியாயமானதாக இருந்தாலும் கெடு தேதி நமக்காகக் காத்திருக்காது. வரி, லைசென்ஸ், வாக்காளர் பட்டியல் எதுவானாலும் இது நமக்கும் பொருந்தும்.

1964 அக்டோபர் 30-ல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். கூட்டு வியாபாரம் முறியும்போது கையிருப்பைப் பங்கு போடுவது போல, மக்களைக் கேட்காமலே பிரித்ததைத் தொண்டமான் எதிர்த்தார். ஆனாலும் லட்சக்கணக்கானோர் மண்டபம் வழியாகத் தமிழ்நாடு திரும்பினார்கள். அவர்களுக்கு வேலை தரத்தான் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்கள் போடப்பட்டன. இன்று 'டான்டீ' என்று நாம் விற்கிற தூள் அப்படிப் பிறந்தது.

அழுகும் சரக்கின் பலம்

வாக்கும் இல்லை, அரசும் பக்கத்தில் இல்லை. அப்படியானால் அவர் கையில் இருந்த முதல் என்ன? ஒன்று, ஆயிரக்கணக்கான தொழிலாளர் கொடுத்த சிறு சந்தா. மற்றொன்று தேயிலைக் கொழுந்து. கொழுந்தை ஏறத்தாழ வாரம், பத்து நாளுக்கு ஒருமுறை பறித்தே ஆக வேண்டும். தவறினால் முற்றிவிடும், நல்ல தூள் ஆகாது. தக்காளி லோடு இறக்கி வைத்துவிட்டு மாலைக்குள் ஆள் வராத மண்டிக்காரர் படும் பாடு நமக்குத் தெரியும். அழுகும் சரக்கு வைத்திருப்பவனுக்குத்தான் பேரத்தில் அவசரம். அந்தக் கணக்கை அவர் நன்றாக அறிந்திருந்தார்.

1977-ல் மூன்று உறுப்பினர் கொண்ட நுவரெலியா-மஸ்கெலியா தொகுதியில் மூன்றாவது உறுப்பினராக வென்றார். மறு ஆண்டு ஜெயவர்த்தனா அரசில் கிராமியக் கைத்தொழில் அமைச்சரானார். அமைச்சராக இருந்துகொண்டே 1984 ஏப்ரலில் தோட்ட வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கினார். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி கிடைத்தது. 1986 தைப் பொங்கலை ஒட்டி இன்னும் நுட்பமான வழி கண்டார். வேலைநிறுத்தம் என்று சொல்லாமல், காலை வேளையில் தொழிலாளர்கள் பிரார்த்தனை செய்வார்கள் என்று அறிவித்தார். பிரார்த்தனையை யார் தடுப்பது? அரசு பேச்சுக்கு வந்தது. நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்க 1986-லும் 1988-லும் சட்டங்கள் வந்தன. எஞ்சியவர்களுக்கான சட்டம் 2003-ல் வந்தது. அதைக் காண அவர் இல்லை. 1999 அக்டோபர் 30-ல், அந்த ஒப்பந்தம் கையெழுத்தான அதே தேதியில், அமைச்சராகவே காலமானார்.

குறையும் சொல்ல வேண்டும்

1983 கலவரத்தில் மலைநாட்டுத் தமிழரும் தாக்கப்பட்டபோது அவர் அமைச்சரவையை விட்டு வெளியேறவில்லை என்பது பலருடைய குறை. எந்தக் கட்சி வந்தாலும் அதனுடன் சேர்ந்துவிடுவார் என்றும் சொன்னார்கள். கதவை அடைத்துவிட்டு வெளியே நின்றால் என் மக்களுக்காக யாரிடம் பேசுவது என்பதே அவர் நடந்துகொண்ட விதம். அந்தக் குறையை ஒதுக்கிவிடவும் முடியாது. ஆனால் 1948-ல் இழந்த உரிமை 1988-ல் சட்டமாகத் திரும்பியதையும் வரவுப் பக்கத்தில் எழுதத்தான் வேண்டும்.

வேறொரு தீவையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். மடகாஸ்கரில் ரவலோமனனா என்பவர் சைக்கிளில் தயிர் விற்றுத் தொடங்கி, 'டிக்கோ' என்ற பெரிய பால் கம்பெனியை வளர்த்து, 1999-ல் தலைநகர் மேயராகி, 2002-ல் நாட்டின் அதிபரானார். நம்மைப் போன்றவர்கள் பெருமைப்பட வேண்டிய உயர்வுதான். ஆனால் அரசு எது, கம்பெனி எது என்று தெரியாமல் போய்விட்டது என்ற குற்றச்சாட்டு வலுத்து, 2009-ல் பதவி இழந்தார். அவருடைய கடைகளும் கிடங்குகளும் கொள்ளை போயின. கல்லாப்பெட்டியையும் கஜானாவையும் ஒரே சாவியால் பூட்டக்கூடாது.

நாம் மனதில் கொள்ள வேண்டியவை

1. கணக்கு அறிவு வணிகனுக்குக் கிடைத்த சீதனம். அதைப் பிறருக்காகப் பயன்படுத்தும்போதுதான் மரியாதை வருகிறது.

2. சங்கத்தின் பலம் ஒரு பெரியவரின் நன்கொடையில் இல்லை. சிறு கடைக்காரர் மாதந்தோறும் தரும் சந்தாவில் இருக்கிறது. தனி ஒருவர் கொடுக்கும் பணம் அவர் போனால் போய்விடும்.

3. பேரம் முறிந்தாலும் பேச்சு முறியக்கூடாது. இன்று எதிரில் இருப்பவரிடம்தான் நாளையும் கொள்முதல் செய்ய வேண்டும்.

4. பத்திரமும் பதிவும் இல்லாத உரிமை காற்றில் போகும். குடியுரிமையானாலும் கடை உரிமையானாலும் காகிதத்தைச் சரியாக வைக்க வேண்டும்.

5. பொதுப் பதவிக்கு வருபவர் தன் கடைக் கணக்கை வெளியே வைத்துவிட்டு வரவேண்டும்.

நம் சங்கத்தில் தேர்தல் வரும்போது யாருக்கு எத்தனை கடை இருக்கிறது என்று பார்க்கிறோம். இனி, நமக்கு எதிரில் உட்கார்ந்து பேசுபவரின் அவசரம் எது என்று அறிந்தவர் யார், கோபம் வந்தாலும் கெடு தேதியை மறக்காதவர் யார் என்றும் பார்ப்போம். அதற்கு முன், சந்தா பாக்கி வைத்திருக்கும் உறுப்பினர்கள் இம்மாதமே கட்டிவிட்டால் நல்லது.