கடல் கடக்கும் முன் படித்துப் பாருங்கள்

மும்பையில் தமிழர்கள் பலர் வாழ்கிறோம். தாராவியில் தோல் பை தைக்கிறோம். மாட்டுங்காவில் கடை வைத்திருக்கிறோம். செம்பூரிலும் நம்மவர்கள் உண்டு.

“தென்னாப்பிரிக்காவில் வேலை இருக்கிறது. பணம் கட்டு, அனுப்பி வைக்கிறேன்” என்று ஒருவர் வந்து சொல்கிறார். என்ன செய்வீர்கள்?

அந்த நாட்டுக்குள் நுழைய என்ன வேண்டும் என்று முதலில் தெரிந்துகொள்வோம்.

அன்று

தென்னாப்பிரிக்காவோடு நமக்குப் பழைய உறவு உண்டு. 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் புறப்பட்டது. நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகம் சேர்ந்தது. கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களை அதில் கொண்டு போனார்கள்.

1896 டிசம்பரில் பம்பாயிலிருந்து இரண்டு கப்பல்கள் டர்பன் போய்ச் சேர்ந்தன. ஒன்றில் காந்தி இருந்தார். அப்போது பம்பாயில் பிளேக் நோய். அதைக் காரணம் காட்டி யாரையும் இறங்க விடவில்லை. 1897 ஜனவரி 13 அன்றுதான் இறங்க முடிந்தது.

அதே ஆண்டு நேட்டால் அரசு ஒரு சட்டம் போட்டது. சொந்தச் செலவில் வருகிறவர் ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுத வேண்டும். கையெழுத்தும் போட வேண்டும். தமிழில் எழுதினால் செல்லாது. தோட்டக் கூலிகளுக்கு மட்டும் தடை இல்லை. அவர்களின் உழைப்பு தேவைப்பட்டது! எழுத்தையே வேலியாக வைத்தார்கள்.

1913இல் இந்தியர்கள் அநியாயச் சட்டங்களை எதிர்த்துப் போராடினார்கள். தில்லையாடி வள்ளியம்மை அனுமதி இல்லாமல் எல்லையைக் கடந்தாள். 3 மாதம் சிறை. காய்ச்சலோடு வெளியே வந்தாள். 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தாள். அவளுக்கு வயது 16.

1994இல் நிறவெறி ஆட்சி முடிந்தது.

இன்று

இன்று இந்தியர்களும் அங்கே போகலாம். ஆனால் இவை வேண்டும்:

1. பாஸ்போர்ட். அந்த நாட்டைவிட்டுத் திரும்பும் நாளுக்குப் பிறகும் குறைந்தது 30 நாள் செல்லுபடியாக வேண்டும். இரண்டு பக்கங்களாவது வெறுமையாக இருக்க வேண்டும்.

2. விசா. இது உள்ளே நுழைய அந்த நாடு தரும் அனுமதி. சுற்றிப் பார்க்கும் விசாவில் போனால் வேலை செய்யக் கூடாது. வேலைக்கு வேறு விசா உண்டு.

3. ஊசிச் சான்று. இந்தியாவிலிருந்து நேராகப் போனால் தேவை இல்லை. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டின் வழியே போய், அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் கேட்பார்கள். பயணத்துக்கு 10 நாள் முன்பே ஊசி போட வேண்டும். மஞ்சள் காமாலை வேறு, மஞ்சள் காய்ச்சல் வேறு.

ஏமாற வேண்டாம்

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டு அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். 1983ஆம் ஆண்டுச் சட்டம் இதைச் சொல்கிறது. பதிவு எண்ணைக் கேளுங்கள். பணத்துக்கு ரசீது வாங்குங்கள். விசாவில் என்ன வகை என்று பாருங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் காட்டுங்கள். படிக்காத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அன்று எழுத்து நம்மைத் தடுக்கும் வேலி. இன்று அதே எழுத்து நம்மைக் காக்கும் வேலி.

பேசுவோம், எழுதுவோம்

1. நேட்டால் சட்டம் யாரைத் தடுத்தது? யாரைத் தடுக்கவில்லை? ஏன்?
2. ஏஜெண்டிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை எழுதுங்கள்.
3. உங்கள் தெருவில் யாராவது வெளிநாடு போயிருக்கிறார்களா? என்ன காகிதங்கள் கொண்டு போனார்கள் என்று கேட்டு வாருங்கள்.