ஆறாவது விரலுக்கு ஸ்விட்ச் எங்க இருக்கு?

2018 ஆகஸ்ட் 29, ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. ஹெப்டத்லான்ல 6026 பாயின்ட் எடுத்து தங்கம் ஜெயிச்சவர் மேற்கு வங்கத்தைச் சேர்ந்த ஸ்வப்னா பர்மன். அந்தப் பிரிவுல இந்தியாவுக்கு அதுதான் முதல் தங்கம். அவருக்கு ரெண்டு காலிலும் ஆறு ஆறு விரல். கடையில விக்கிற ஷூ எல்லாம் ஐந்து விரலுக்கு அளவெடுத்தது, ஓடினாலே வலிக்கும். ஜெயிச்ச கையோடு தனக்கேத்த ஷூ வேணும்னு கேட்டார்.

நம்ம பக்கம் ஆறு விரல்னா ஒரு வீட்டுல அதிர்ஷ்டம்னு சொல்வாங்க, இன்னொரு வீட்டுல மறைச்சு வைப்பாங்க. உண்மையில என்ன நடக்குது? மனுஷங்கள்ல இதுக்குக் காரணமான ஜீன்கள் பல. ஒரே ஒரு காரணத்தைப் பிரிச்சுப் பார்க்கணும்னா பூனைகிட்ட போறது நல்லது.

சாதாரணப் பூனைக்கு மொத்தம் 18 விரல்: முன்னங்காலுக்கு ஐந்து, பின்னங்காலுக்கு நாலு. அமெரிக்காவுல கீ வெஸ்ட் தீவுல எழுத்தாளர் ஹெமிங்வே வாழ்ந்த வீடு இப்போ மியூசியம். அங்க இருக்கிற பூனைகள்ல கிட்டத்தட்ட பாதிக்கு விரல் அதிகம். கட்டைவிரல் பக்கமா கூடுதல் விரல் முளைச்சு, கையுறை போட்ட மாதிரி இருக்கும்.

காரணம் டிஎன்ஏ-வுல ஒரே ஒரு எழுத்து மாற்றம். 'சோனிக் ஹெட்ஜ்ஹாக்'னு ஒரு ஜீன் இருக்கு (ஆமா, வீடியோ கேம் பேர்தான்). கரு வளரும்போது எத்தனை விரல், எந்த வரிசைன்னு முடிவு பண்றதுல இதுக்குப் பெரிய பங்கு. ஆனா மாற்றம் இந்த ஜீனுக்குள்ள இல்ல! சுமார் பத்து லட்சம் எழுத்து தள்ளி, வேற ஒரு ஜீனுக்கு நடுவுல உட்கார்ந்திருக்கிற 'இசட்ஆர்எஸ்'ங்கிற ஸ்விட்ச்சுல இருக்கு. ஓசூர் சிப்காட்ல இன்டர்ன்ஷிப் போனவங்களுக்கு இது சட்டுனு புரியும். மோட்டார் நல்லாத்தான் இருக்கு, அதை எங்க ஓட விடணும்னு சொல்ற சென்சார்தான் மாறிப்போச்சு. சுண்டுவிரல் பக்கம் மட்டும் ஆன் ஆக வேண்டிய ஜீன், கட்டைவிரல் பக்கமும் ஆன் ஆகுது. அங்கயும் விரல் முளைக்குது. இதே ஸ்விட்ச் மனுஷனுக்கும் இருக்கு. அதுல மாற்றம் வந்த சில குடும்பங்கள்ல கட்டைவிரல் பக்கம் கூடுதல் விரல் வருது.

இது டாமினன்ட் குணம். அப்பா அம்மாவுல ஒருத்தர்கிட்ட இருந்து ஒரு காப்பி வந்தாலே போதும். ஒரு காப்பி உள்ள பூனையும் சாதாரணப் பூனையும் சேர்ந்தா ஒவ்வொரு குட்டிக்கும் 50 சதவீத வாய்ப்பு. முதல் மூணு குட்டிக்கு வந்தாச்சு, நாலாவதுக்கு வராதுன்னு கணக்கு போடாதீங்க. ஒவ்வொண்ணும் தனி டாஸ். டாமினன்ட்னா ஊர்ல பெரும்பாலான பூனைக்கு இருக்கும்னும் அர்த்தம் இல்ல. எக்ஸாம்ல நிறைய பேர் வழுக்குற இடம் இது.

ஒரே எழுத்து மாற்றம் இருந்தாலும் எல்லாப் பூனைக்கும் ஒரே எண்ணிக்கையில விரல் வராது. பெரும்பாலும் முன்னங்கால்லதான் கூடும்.

இந்தப் பூனைகளுக்கு விரலால பொதுவா தொந்தரவு இல்ல, வெட்டவும் வேண்டாம். ஆனா 'ரேடியல் ஹைப்போபிளாசியா'ங்கிறது வேற கதை. அதுலயும் விரல் கூடலாம், ஆனா முன்னங்கால் எலும்பே சரியா வளராது. அதை க்யூட்னு சொல்லி இனப்பெருக்கத்துக்கு விடுறது கொடுமை. எக்ஸ்ரே எடுத்தா வித்தியாசம் தெரிஞ்சிடும்.

ஹாஸ்டல் பக்கம் அப்படி ஒரு பூனை வந்தா நகத்தை மட்டும் கவனிங்க. கூடுதல் விரல் தரையில படாததால நகம் தேயாது; வளைஞ்சு வளர்ந்து பாதத்துக்குள்ளயே குத்திடும். ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருக்கா நுனியை மட்டும் வெட்டுங்க. உள்ள ரோஸ் கலர்ல தெரியறது ரத்தக் குழாய், அதைத் தொடாதீங்க.