வீட்டில் ஒலிப்பதிவு: காசை எதில் போடுவது?

கஸீதாவும் இஸ்லாமிய கீதமும் பாடும் நமது இளைஞர் பலர் வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்து விற்க விரும்புகின்றனர். கைமுதல் குறைவென்று சிலர் விலையுயர்ந்த மென்பொருளின் களவுப் பிரதியைக் கணனியில் ஏற்றிக்கொள்கின்றனர். அதற்குத் தேவையே இல்லை.

2000ஆம் ஆண்டு வெளிவந்த 'ஓடாசிட்டி' முற்றிலும் இலவசம். அதில் பதிந்ததை விற்கவும் தடையில்லை. பல குரல்களை அடுக்கிச் சேர்க்க 'ரீப்பர்' வசதியானது. 60 நாட்கள் இலவசமாகப் பரீட்சித்துப் பார்க்கலாம். பின்னர் சிறு வருமானக்காரருக்கான அனுமதி 60 டொலர்.

மென்பொருளில் மிச்சமாகும் காசை ஒலிவாங்கிக்கு ஒதுக்குங்கள். கண்டென்சர் மைக் நுண்ணிய ஒலியையும் பிடிக்கும். கூடவே வீதி இரைச்சலையும் மின்விசிறிச் சத்தத்தையும் பிடிக்கும். சத்தமுள்ள வீட்டுக்கு, வாயருகே வைத்துப் பாடும் டைனமிக் மைக்கே உகந்தது. யூ.எஸ்.பி. வகையை நேரே கணனியில் பொருத்தலாம். எக்ஸ்.எல்.ஆர். வகைக்கு ஓடியோ இன்டர்பேஸ் பெட்டியும் வேண்டும். கண்டென்சராயின் அது 48 வோல்ட் வழங்குகிறதா எனக் கேட்டு வாங்குங்கள். எதிரொலியைக் குறைக்கத் தடித்த திரைச்சீலையும் சுவரில் சாத்திய மெத்தையும் உதவும்.

பிறர் உழைப்பைக் களவாடிச் செய்த சரக்கில் பரக்கத்தை எதிர்பார்க்கலாமா? கொள்முதல் ஹலாலாக இருக்கட்டும். இலாபமும் ஹலாலாகும், இன்ஷா அல்லாஹ்.