பதினொன்றரைக்குப் போனால் கிடைக்கும்

செடெனாக்கில் நாங்கள் முதன்முதலாகச் சாப்பிட்டது சோறும் ரசமும் கொஞ்சம் கீரையும்தான். ஜோகூர் பாருவிலிருந்து நண்பர்கள் நான்கு பேர் ஒரே காரில் கிளம்பினோம். காலை பத்து மணிக்குப் புறப்படுவதாகப் பேச்சு. ஆளுக்கொரு வேலையை முடித்துவிட்டு வந்ததில் காரை எடுக்கும்போதே ஒரு மணி ஆகிவிட்டது. செடெனாக்கில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தபோது கடைக்கார அக்கா பெரிய சட்டிகளைக் கழுவப் போட்டுக்கொண்டிருந்தார். "கறியெல்லாம் பன்னெண்டரைக்கே முடிஞ்சிருச்சு தம்பி. ரசம் இருக்கு, போடவா?" என்றார்.

இடித்த மிளகும் பூண்டும் அடியில் தங்கியிருந்த அந்த ரசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தோம். ரசமே இப்படி என்றால் கறி எப்படி இருந்திருக்கும் என்ற ஏக்கத்தில்தான் அடுத்த சனிக்கிழமையும் போனோம். அப்போது நேரத்தைப் பற்றிக் கற்றுக்கொண்டதை இன்றுவரை கடைப்பிடிக்கிறேன்.

செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் கடிகாரம் வேறு. விடியும் முன்பே பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு, போகிறவர்களுக்குப் பதினோரு மணிக்கெல்லாம் வயிறு கத்த ஆரம்பித்துவிடும். கடைக்காரர் அந்தப் பசிக்குத்தான் உலை வைக்கிறார், நகரத்திலிருந்து எப்போதாவது வரும் நமக்காக இல்லை. அதனால் பசியாற என்றால் ஏழரைக்கு, சோறு என்றால் பதினொன்றரைக்கு அங்கே இருக்க வேண்டும். ஒரு மணிக்கு மேல் போகிறவர்கள் மிச்சத்தைத்தான் சாப்பிட முடியும்.

எந்த ஊருக்குப் போவது என்று கேட்பவர்களுக்கு, இரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு போங்கள் என்பேன். கிம்மாசிலிருந்து ஜோகூர் பாரு வரையிலான பாதை 1909-இல் முடிந்தது. கூலாய், செடெனாக், லாயாங் லாயாங், ரெங்கம், குளுவாங் என்று அதையொட்டிய ஊர்களில் கித்தாத் தோட்டத்துத் தமிழர்களும் சீனர்களும் மலாய்க்காரர்களும் பக்கத்துப் பக்கத்தில் அடுப்பு மூட்டியவர்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994-இல் முழுதாகத் திறந்த பிறகு, தூரத்து வண்டிகள் பழைய பெரிய ரோட்டை விட்டு விலகின. வழிப்போக்கரை மட்டும் நம்பியிருந்த கடைகளுக்கு அது பெரிய அடி. உள்ளூர்க்காரரை நம்பிச் சமைத்த கடைகளே தாக்குப்பிடித்தன. நாளைக்கும் அதே முகம் வந்து உட்காரும் என்று தெரிந்த இடத்தில் யாரும் உப்பைக் கூட்டிக் குறைத்து ஏமாற்ற மாட்டார்கள். சின்ன ஊர்க் கடைகள் மேல் எனக்குள்ள நம்பிக்கைக்கு இதுதான் காரணம்.

புது ஊரில் இறங்கியதும் கைப்பேசியைப் பார்ப்பதை நாங்கள் விட்டுவிட்டோம். கடைவாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களைத்தான் பார்க்கிறோம். சேறு காயாத பூட்ஸோடு ஆட்கள் உட்கார்ந்திருந்தால், தலைக்கவசங்கள் மேசைமேல் இருந்தால், யோசிக்காமல் உள்ளே போகலாம். செடெனாக் பக்கம் இப்போது தரவு மையங்கள் எழும்புகின்றன. கட்டுமான வேலைக்கு வந்த வங்காளதேசத் தம்பிகளும் அக்கா கடையில் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்காக அக்கா பருப்பைக் கெட்டியாக, கடுகெண்ணெய் விட்டுத் தனிச் சட்டியில் வைக்கிறார். கேட்டால் நமக்கும் ஒரு கரண்டி ஊற்றுவார்.

உட்கார்ந்த பிறகு முக்கியமான கேள்வி ஒன்றுதான்: "இன்னிக்கு என்னக்கா நல்லா வந்திருக்கு?" நாங்கள் இரண்டாவது முறை போன அன்று கருவாட்டுக் குழம்பு. கித்தா மர விறகு அடுப்பில், கத்தரிக்காயின் காம்பைக் கிள்ளாமல் நாலாக வகிர்ந்து போட்டிருந்தார். காம்பைப் பிடித்துத் தூக்கினால் சதை மட்டும் வழுக்கி இலையில் விழும், தோல் கையில் நிற்கும். கடைசியில் ஊற்றிய தேங்காய்ப்பால் திரியவில்லை, மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் மிதந்தது. கருவாட்டை முதல்நாள் இரவே அரிசி கழுவிய தண்ணீரில் ஊறப் போட்டுவிடுவாராம், உப்பு பாதி அதிலேயே இறங்கிவிடும் என்றார். வாழையிலைக் கடையில் மீ கோரெங் கேட்டு நின்றிருந்தால் இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

நண்பர்களில் ஒருவர் மலாய்க்காரர், இன்னொருவர் செவ்வாய், வெள்ளியில் சைவம். ஒருவர் வெறும் தேநீரோடு உட்கார்ந்திருக்க மற்றவர்கள் சாப்பிடுவதைப் போலக் கொடுமை வேறில்லை. அதனால் கிளம்பும் முன்பே பேசிவிடுகிறோம். மலாய் நண்பர் வரும் நாளில் மாமாக் கடையும் மலாய்க்காரர் கடையும். சைவ நாளில் கூலாய் பக்கம் போனால் ஹக்கா சீனர்களின் லெய் சா இருக்கிறது. சோற்றின் மேல் பொடியாக நறுக்கிய கீரைகள், வறுத்த கடலை, தோஃபு எல்லாம் பரப்பி, தேயிலையும் மூலிகை இலைகளும் அரைத்துக் கரைத்த பச்சைச் சாற்றை ஊற்றிச் சாப்பிடுவது. காய்ந்த இறால் போடாதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் பொட்டலம் வாங்குவதென்றால் தூக்குச்சட்டி கொண்டுபோங்கள், நெகிழிப் பையில் கட்டிய சூடான குழம்பு வீடு வரும்போது பை வாசனைதான் அடிக்கும். கடைக்காரரின் எண்ணை வாங்கி வைத்து, முதல்நாள் மாலை "நாலு பேர் வர்றோம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அது அவருக்கும் மரியாதை, நமக்கும் சோறு நிச்சயம். ஒரு நாளைக்கு இரண்டு கடை போதும். ஐந்து கடை என்று திட்டம் போட்டுப் போன ஒரு நாளில் மூன்றாவது கடையிலேயே எங்களுக்குச் சுவை மரத்துவிட்டது. நன்றாகச் சமைத்த ஒரு பாட்டியின் தட்டில் பாதியை மிச்சம் வைத்துவிட்டு வந்தது இன்னும் மனதை உறுத்துகிறது.

போன மாதம் நண்பரின் அம்மாவையும் கூட்டிப் போனோம். லாயாங் லாயாங் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். செடெனாக்கில் மதியச் சோறு, பிறகு குளுவாங் இரயில் நிலையத்தில் 1938-இல் தொடங்கிய கோப்பிக் கடையில் கோப்பியும் காயா தடவிய ரொட்டியும் என்று திட்டம். அம்மா குழம்பை ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்து, "நீ எந்தத் தோட்டம்மா?" என்று அக்காவைக் கேட்டார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். நாற்பது வருடத்துக்கு முந்திய லயங்கள், கோவில் தீமிதி, பால்வாளி தூக்கிய காலைகள் என்று பேச்சு போனது. நாங்கள் இலையை மடித்துவிட்டுக் காத்திருந்தோம். எழுந்தபோது மணி மூன்றரை. குளுவாங் கோப்பியை அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்தோம்.